சாலமன் ஷெக்டரும் கெய்ரோ கெனிசாவும்: நிகழ்வு ஆய்வு

1896 மே 13ஆம் தேதி கேம்பிரிட்ஜில் யூத இலக்கிய அறிஞர் சாலமன் ஷெக்டரின் கைக்கு நைந்துபோன காகித ஏடு ஒன்று வந்தது. ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் கீழை நாட்டுப் பயணத்தில் விலைக்கு வாங்கிய கட்டில் இருந்த ஏடு அது. விவிலியப் பகுதிகளை அவர்களே அடையாளம் கண்டு பிரித்துவிட்டார்கள். எதிலும் அடங்காமல் மிஞ்சியவற்றை ஷெக்டரிடம் காட்டினார்கள். அந்த ஏட்டில் பக்கத்துக்கு 18 வரிகள். ஒவ்வொரு வரியும் நடுவில் இடம் விட்டு இரண்டு அடிகளாகப் பிரிந்திருந்தது. ஓரத்தில் சிறிய எழுத்தில் பாடபேதங்கள். அதை நூலகத்துக்கு எடுத்துச்சென்று ஒப்பிட்டுப் பார்த்த ஷெக்டர், அது பென் சீராவின் நூல், 39ஆம் அதிகாரம் 15ஆம் வசனம் முதல் 40ஆம் அதிகாரம் 8ஆம் வசனம் வரை என்று அன்றே உறுதி செய்தார்.

தமிழ்க் கத்தோலிக்க விவிலியத்தில் இந்த நூல் 'சீராக்கின் ஞானம்' என்ற பெயரில் இருக்கிறது. எருசலேமில் கி.மு. 180 வாக்கில் எபிரேயத்தில் எழுதப்பட்டது. ஆசிரியரின் பேரன் எகிப்துக்கு வந்து அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார். யூத விவிலியத் தொகுப்பில் அது சேரவில்லை. ஆகவே எபிரேயத்தில் படியெடுப்போர் குறைந்து மூலம் மறைந்தது. கிரேக்க மொழிபெயர்ப்பும், அரமேயத்தின் கிளைமொழியான சிரியாக்கில் செய்த மொழிபெயர்ப்பும்தான் மிஞ்சின. பத்தாம் நூற்றாண்டில் சாதியா என்ற பேரறிஞர் எபிரேய மூலத்திலிருந்து மேற்கோள் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு ஏறக்குறைய 900 ஆண்டுகள் அந்த மூலத்தை ஐரோப்பிய அறிஞர் எவரும் கண்டதில்லை.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்வோர் ஷெக்டரின் முந்தைய பத்தாண்டுகளைப் பார்ப்பதில்லை. அவர் ருமேனியாவின் ஃபோக்ஷானி ஊரில் 1847இல் ஹசீதிக் என்ற யூத பக்தி இயக்கக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவிலும் பெர்லினிலும் படித்துவிட்டு 1882இல் லண்டன் வந்தார். 1887இல் 'ஆவோத் தெ ரபி நாதான்' என்ற ரபி (யூத சமய ஆசிரியர்) இலக்கிய நூலைப் பதிப்பித்தபோது, அந்த நூல் இரண்டு வேறுபட்ட வடிவங்களில் வழங்கிவந்ததைக் கண்டு, இரண்டையும் எதிரெதிர்ப் பத்திகளில் அச்சிட்டார். 1890இல் கேம்பிரிட்ஜில் தல்மூத் (யூத சட்ட விவாதங்களின் தொகுப்பு) விரிவுரையாளரானார். 1891இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்றுதான் இங்கே முக்கியம். இரண்டு தல்மூதுகளிலும் மித்ராஷ் என்ற விவிலிய விளக்கத் தொகுதிகளிலும் பிற்கால ரபி நூல்களிலும் சிதறிக் கிடந்த பென் சீரா மேற்கோள்களைத் தேடித் திரட்டியிருந்தார். சில மேற்கோள்கள் எபிரேயத்தில், சில அரமேயத்தில். சிலவற்றில் நூலின் பெயர் இருக்கும், சிலவற்றில் இருக்காது. நினைவிலிருந்து சொன்னதால் வார்த்தை மாறிப்போனவையும் உண்டு. இப்படித் தொலைந்த நூலின் எபிரேய நடை எப்படி இருந்திருக்கும் என்பது ஐந்தாண்டுகளுக்கு முன்பே அவர் மனதில் பதிந்திருந்தது. அந்தப் பட்டியல் இல்லாமல் அந்த ஏடு எவர் கையில் கிடைத்திருந்தாலும் 'அடையாளம் தெரியாத அறநூல்' என்று உறைக்குள் போயிருக்கும்.

அடுத்தது, ஏடு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் சில ஆண்டுகளாகவே கெய்ரோத் துணுக்குகளை வாங்கிவந்தது. ஷெக்டரின் செய்தி பரவியதும் அங்கே எபிரேய அறிஞர்கள் நியூபவரும் கவ்லியும் தங்கள் பெட்டிகளைத் துழாவி, அதே பிரதியின் ஒன்பது ஏடுகளைக் கண்டெடுத்தார்கள். அவை 40:9இல் தொடங்கின. கேம்பிரிட்ஜ் ஏடு முடிந்தது 40:8இல். அடுத்தடுத்து இருந்த ஏடுகளைப் பிரித்து வியாபாரிகள் வெவ்வேறு ஆட்களிடம் விற்றிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எல்லாத் தடயங்களும் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தைச் சுட்டின.

அள்ளியது எப்படி

இறைவனின் பெயர் எழுதிய எதையும் யூதர்கள் அழிப்பதில்லை. பயன்படாத பிரதியை 'கெனிசா' எனப்படும் ஓர் அறையில் போட்டு வைப்பார்கள், பிறகு புதைப்பார்கள். ஃபுஸ்தாத்தில் இந்த வழக்கம் எபிரேய எழுத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நீண்டது. திருமண ஒப்பந்தம், கடன் பத்திரம், வியாபாரக் கடிதம், தாயத்து, குழந்தைகள் எழுத்துப் பழகிய தாள் எல்லாம் அந்த அறைக்குள் போயின. புதைக்கும் வேலைதான் பெரும்பாலும் நடக்கவில்லை. பெண்கள் அமரும் மேல்மாடத்தின் கோடியில், சன்னலும் கதவும் இல்லாத அறை. உயரத்தில் உள்ள ஓட்டைக்கு ஏணி வைத்து ஏறித்தான் உள்ளே இறங்க வேண்டும். கெய்ரோவின் வறண்ட காற்று மற்றதைப் பார்த்துக்கொண்டது. 1890 வாக்கில் கட்டடத்தைப் புதுப்பித்தபோது உள்ளிருந்தவற்றை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். சந்தைக்குத் துணுக்குகள் வரத் தொடங்கியது அப்போதுதான். 1896 ஜனவரியில் சுவடி சேகரிப்பாளர் எல்கான் நாதன் அட்லர் அங்கே போய் ஒரு மூட்டை எடுத்துவந்திருந்தார்.

ஷெக்டரின் பயணத்துக்குப் பல்கலைக்கழகம் செலவு செய்யவில்லை. புனித ஜான் கல்லூரியின் தலைவர் சார்ல்ஸ் டெய்லர் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். டெய்லர் ரபி இலக்கியம் கற்ற கிறித்தவர். 1896 டிசம்பரில் புறப்பட்ட ஷெக்டர் இங்கிலாந்தின் தலைமை ரபியிடமிருந்து அறிமுகக் கடிதம் எடுத்துப் போனார். கெய்ரோவின் தலைமை ரபி ஆரோன் ரஃபாயேல் பென் ஷிமோனுடன் பழகி, அவர் நம்பிக்கையைப் பெற்ற பிறகுதான் அறைக்குள் இறங்கினார். விருப்பப்பட்டதை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. உள்ளூர்ச் சமூகத்தின் சொத்து ஒரு தலைவரின் சம்மதத்தோடு இப்படி வெளிநாடு போனது சரியா என்ற கேள்வி நியாயமானது. அன்றைக்கு அது எகிப்தில் தங்கியிருந்தாலும் துண்டு துண்டாகச் சந்தைக்கே போய்க்கொண்டிருந்தது என்பதையும் அதோடு சேர்த்து எடைபோட வேண்டும்.

அறைக்குள் அவர் வகுத்துக்கொண்ட விதி எளியது: அச்சடித்ததை விட்டுவிடு, கையால் எழுதியதை எல்லாம் எடு. அங்கேயே உட்கார்ந்து படித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. இது மிகச் சரியான முடிவு. நூற்றாண்டுகளின் தூசி பிசுபிசுத்து ஒட்டி, தாள்கள் கட்டியாக இறுகிக் கிடந்தன. ஆவிகளும் தேவதூதர்களும் இல்லை என்று வாதிடும் நூலின் ஏடு, அதே ஆவிகளிடம் காப்புக் கேட்கும் தாயத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததை அவரே 1897 ஆகஸ்ட் 3ஆம் தேதி 'டைம்ஸ்' இதழில் எழுதியிருக்கிறார். அங்கே பிரித்துப் பார்க்க முயன்றிருந்தால் பாதி பொடியாகியிருக்கும். வேலைக்கு வந்தவர்களுக்கும் தொழுகைக்கூடப் பணியாளுக்கும் பக்‌ஷீஷ் (அன்பளிப்புக் காசு) ஓயாமல் கொடுக்க வேண்டியிருந்தது; அப்படியும் சில துணுக்குகள் வியாபாரிகளிடம் நழுவின, அவற்றைத் தனியாக விலை கொடுத்து வாங்கினார். தூசி அவர் தொண்டையையும் நுரையீரலையும் கெடுத்தது. கேம்பிரிட்ஜ் திரும்பிய பிறகும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே வேலை பார்த்தார்.

இன்று டெய்லர்-ஷெக்டர் சேகரிப்பு என்ற பெயரில் உள்ளவை சுமார் 1,93,000 துணுக்குகள். 1898இல் இருவர் பெயராலும் அவை பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்பட்டன.

பிரித்தது எப்படி

நூலக அறையில் மேசைகள் மீது பெட்டிகள்: விவிலியம், தல்மூத், வழிபாடு, வரலாறு, இறையியல், இலக்கியம் என்று ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டியிருந்தது. ஷெக்டர் துணுக்கை எடுப்பார், உருப்பெருக்கியால் பார்ப்பார், உரிய பெட்டியில் போடுவார். சிறந்தவை கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைக்கப்பட்டன. சில தொகுதிகளாகக் கட்டப்பட்டன. மற்றவை பெட்டிகளிலேயே இருந்தன. இன்றும் 'டி-எஸ் 16.311' (டி-எஸ் என்பது டெய்லர்-ஷெக்டர்) போன்ற எண்களில் முதற்பகுதி கண்ணாடியின் அளவைக் காட்டுவதே தவிர உள்ளே இருக்கும் நூலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. புதிதாக வருவோர் இதில் ஏமாறுவார்கள்: ஒரே பிரதியின் இரண்டு ஏடுகள், அளவு வேறு என்ற ஒரே காரணத்தால் தொடர்பே இல்லாத எண்களில் இருக்கும்.

தோலில் எழுதி, சுரண்டிவிட்டு, மேலே மீண்டும் எழுதிய ஏடுகள் சில கிடைத்தன. மேலெழுத்து யன்னாய் என்ற புலவரின் எபிரேய வழிபாட்டுப் பாடல்கள். கீழெழுத்து கிரேக்கம். அது அக்கிலாவின் மொழிபெயர்ப்பு, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எபிரேயத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றிச் செய்தது. அதுவரை மேற்கோள்களாகவே தெரிந்திருந்தது. அரசர்கள் நூலின் பகுதியை அறிஞர் பர்கிட் 1897இல் வெளியிட்டார். கிரேக்க வரிகளுக்கு நடுவே இறைவனின் நான்கெழுத்துப் பெயர் மட்டும் பழைய எபிரேய எழுத்தில் நிற்கிறது. ஓரிடத்தில் வரியின் முடிவில் இடம் போதவில்லை. அங்கே எழுத்தர் 'ஆண்டவர்' என்பதற்கான கிரேக்கச் சுருக்கத்தை எழுதிவிட்டார். அந்தப் பெயரை வாசிக்கும்போது வாயால் என்ன சொன்னார்கள் என்பதற்கு அந்த இரண்டு எழுத்து பெரிய சாட்சி. மேலெழுத்தும் வீண்போகவில்லை. யன்னாயின் பாடல்களை இஸ்ரேல் டேவிட்சன் 1919இல் நூலாக்கினார்.

இனி பிழை. விவிலியமும் ரபி இலக்கியமும் ஷெக்டரின் கண்ணுக்கு உடனே பட்டன. கணக்குச் சீட்டு, கடிதம், எபிரேய எழுத்தில் எழுதிய அரபு ஆகியவற்றுக்கு அவர் நேரம் ஒதுக்கவில்லை. அரபு அவர் துறையும் அல்ல. பிரித்து முடிக்காதவை மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு நூலகத்தின் மேல்தளத்துக்குப் போயின. கெய்ரோவில் 'எல்லாவற்றையும் எடு' என்றவர் கேம்பிரிட்ஜில் 'இது வேண்டும், அது பிறகு' என்றார். தனி மனிதர் ஒருவரால் அவ்வளவையும் பார்த்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனாலும் அந்தப் 'பிறகு' அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டது.

மார்கோலியத்தின் மறுப்பு

1899இல் ஷெக்டரும் டெய்லரும் பென் சீராவின் புதிய பகுதிகளை வெளியிட்டார்கள். இரண்டு பிரதிகள். முதலாவதற்கு 'அ' என்று பெயரிட்டால், அது உரைநடைபோல் தொடர்ந்து எழுதப்பட்டது. 3 முதல் 16 வரையான அதிகாரங்களில் பெரும்பகுதி அதில் இருந்தது. லூயிஸ் ஏடு சேர்ந்த இரண்டாவது பிரதி 'ஆ'; செய்யுள் அமைப்பில் எழுதியது, நூலின் இறுதியான 51ஆம் அதிகாரம் வரை போனது. அடுத்த ஆண்டுக்குள் லண்டனிலும் பாரிஸிலும் இருந்த சேகரிப்புகளிலிருந்து இன்னும் ஏடுகளும் வேறு பிரதிகளும் வெளிவந்தன. இன்றைய கணக்கில் கெனிசாவிலிருந்து ஆறு பிரதிகள். எபிரேய நூலின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருக்கிறது.

அதே 1899இல் ஆக்ஸ்ஃபோர்டின் அரபுப் பேராசிரியர் மார்கோலியத், இது மூலமே அல்ல என்று எழுதினார். பென் சீரா எப்படிப்பட்ட எபிரேயத்தில் எழுதியிருப்பார் என்று அவர் ஏற்கெனவே ஒரு கருத்தை முன்வைத்திருந்தார்; கிடைத்த பிரதியோ அதற்கு ஒத்துவரவில்லை. ஆகவே பதினோராம் நூற்றாண்டில் யாரோ சிரியாக்கிலிருந்தும் ஒரு பாரசீக மொழிபெயர்ப்பிலிருந்தும் திரும்ப எபிரேயமாக்கியது இது என்றார். ஆதாரம்? 'ஆ' பிரதியின் ஓரத்தில் பாரசீக மொழியில் சில குறிப்புகள் இருப்பது.

இந்த வாதத்தை எளிதாக ஒதுக்க முடியாது. பன்னிரண்டு நூற்றாண்டு கழித்து எழுதிய காகிதப் பிரதியை வைத்துக்கொண்டு, அதன் சொற்கள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவை என்று எப்படிக் காட்டுவது? மையையும் காகிதத்தையும் ஆராய்ந்தால் பிரதியின் வயதுதான் தெரியும், பாடத்தின் வயது தெரியாது. பாடத்துக்கு மூன்று வகைச் சோதனை உண்டு. முதலாவது, பிழைகளின் இயல்பு. கிரேக்கத்தில் ஒரு சொல் பொருந்தாமல் இருக்கிறது. எபிரேயப் பிரதியில் அந்த இடத்தில் உள்ள சொல்லில் ஓர் எழுத்தை மாற்றிப் படித்தால் கிரேக்க மொழிபெயர்ப்பாளரின் தவறு விளங்கிவிடுகிறது என்றால், எபிரேயம்தான் முந்தியது. தாலெத், ரேஷ் என்ற இரண்டு எழுத்துகளும் பார்வைக்கு ஒன்றுபோலிருப்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேரும். இரண்டாவது, பழைய மேற்கோள்கள். திரும்ப மொழிபெயர்த்தவர் சாதியாவும் தல்மூதும் காட்டும் அதே சொற்களைத் தொடர்ந்து எட்டுவது நடவாத காரியம். ஷெக்டரின் 1891 பட்டியல் இங்கே இரண்டாம் முறை உதவியது. மூன்றாவது, பாடபேதங்கள். மொழிபெயர்ப்பாளர் ஒரே வாசகத்தைத்தான் எழுதுவார். ஓரம் முழுவதும் மாற்றுப் பாடங்கள் குறித்திருப்பது, எழுத்தர் முன் இன்னொரு எபிரேயப் பிரதி திறந்திருந்ததைக் காட்டுகிறது. பாரசீகக் குறிப்புகளில் ஒன்று, ஒப்பிட்ட அந்தப் பிரதி இந்த இடத்தோடு முடிகிறது என்றே சொல்கிறது. அதாவது எழுத்தர் பாரசீகம் பேசியவர். அவர் படியெடுத்த நூலோ எபிரேயம்.

ஷெக்டர் இவற்றையெல்லாம் வைத்து வாதாடினார், எல்லோரும் ஏற்கவில்லை. 1964இல் யிகேல் யாதினின் அகழாய்வில் சாக்கடலோரக் கோட்டையான மசாதாவில் பென் சீரா தோல்சுருள் கிடைத்தது. 26 துண்டுகள், ஏழு பத்திகள், 39:27 முதல் 44:17 வரை, எழுத்து கி.மு. முதல் நூற்றாண்டினது. கோட்டை ரோமர்களிடம் வீழ்ந்தது கி.பி. 73 வாக்கில் என்பதால் சுருள் அதற்குப் பிந்தியதாக இருக்க வழியே இல்லை. அதிர்ஷ்டவசமாக அதில் உள்ள அதே பகுதி 'ஆ' பிரதியிலும் இருக்கிறது. ஒப்பிட்டபோது அடிப்படைப் பாடம் ஒன்றே என்று தெரிந்தது. பல இடங்களில் சுருள் ஒத்துப்போனது 'ஆ'வின் ஓரக்குறிப்புகளோடு. நடுவில் எழுதியதைவிட ஓரத்தில் எழுதியது பழமையானதாக இருந்தது! மார்கோலியத்தின் கேள்வியில் ஒரு சிறு பங்கு மட்டும் நிலைத்தது: கெனிசாப் பிரதிகளில் சில வசனங்கள் சிரியாக்கிலிருந்து திரும்ப எபிரேயமானவை என்று ஆய்வாளர் டி லெல்லா 1966இல் விரிவாகக் காட்டினார். முழு நூலையும் பற்றிய குற்றச்சாட்டு விழுந்துவிட்டது. மசாதாச் சுருள் கிடைத்தபோது ஷெக்டர் இறந்து 49 ஆண்டுகள்.

இரண்டு பிரதி, தவறிய வரிசை

1902இல் ஷெக்டர் நியூயார்க்கில் யூத இறையியல் கல்லூரியின் தலைவராகப் போனார். நிர்வாகம் நேரத்தைத் தின்றது. இருந்தும் 1910இல் அவர் வெளியிட்ட நூல், கெனிசாவிலிருந்து வந்தவற்றில் பென் சீராவுக்கு இணையான முக்கியம் பெற்றது. இன்று அதை 'தமஸ்கு ஆவணம்' என்கிறோம். எருசலேம் ஆலயத் தலைமையோடு முறித்துக்கொண்டு, தமஸ்கு நாட்டில் புதிய உடன்படிக்கை செய்துகொண்ட ஒரு குழுவின் வரலாறும் சட்டங்களும் அதில் இருக்கின்றன. ஓய்வுநாள் விதிகள், சாட்சி விதிகள், மேற்பார்வையாளரின் கடமைகள் என்று நீள்கிறது.

பத்தாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று, எட்டு ஏடுகள். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று, ஓர் ஏடு மட்டும். ஷெக்டர் முதலாவதன் பக்கங்களுக்கு 1 முதல் 16 வரையும் இரண்டாவதற்கு 19, 20 என்றும் எண் கொடுத்தார். 17, 18 என்று எந்தப் பக்கமும் கிடையாது. 'பக்கம் 19' என்று கட்டுரைகளில் பார்ப்பவர்கள், அது 7, 8ஆம் பக்கங்களோடு ஒப்பிட வேண்டிய இணைப்பாடம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பெரிய சிக்கல் வரிசையில். ஏடுகள் கட்டு அவிழ்ந்து கிடைத்தன. பொருளை வைத்து அடுக்கினார் ஷெக்டர். 9 முதல் 14 வரை சட்டங்கள், பிறகு 15, 16. சாக்கடல் சுருள்கள் கிடைத்த கும்ரானின் நான்காம் குகையில் 1952இல் இதே நூலின் எட்டுப் பிரதிகளின் துண்டுகள் கிடைத்தன. ஐந்தாம், ஆறாம் குகைகளிலும் ஒவ்வொன்று. அவற்றில் பாடம் தொடர்ந்து ஓடும் இடங்களைப் பார்த்தால் 15, 16ஆம் பக்கங்கள் 9ஆம் பக்கத்துக்கு முன்னால் வரவேண்டும். குழுவில் சேருவோரின் உறுதிமொழி முதலில், சட்டங்கள் அதன் பின் என்பது பொருளோட்டத்துக்கும் ஒத்துவருகிறது. நூலின் தொடக்கத்திலும் இறுதியிலும் கெனிசாப் பிரதிகளில் இல்லாத பகுதிகள் ஏராளம் என்பதும் கும்ரானில்தான் தெரிந்தது. பக்க எண்ணை மாற்றினால் நூற்றாண்டு மேற்கோள்கள் குழம்பும் என்பதால் பழைய எண்களே நீடிக்கின்றன. பதிப்புகள் 8க்கு அடுத்து 15, 16, 9 என்று அச்சிடுகின்றன.

ஷெக்டரின் வாசிப்பில் எழுத்துப் பிழைகளும் இருந்தன. மங்கிய எழுத்தைப் பொருளுக்கேற்பப் படித்துவிடும் ஆசை எந்தப் பதிப்பாளரையும் பிடிக்கும். ஒளிப்படங்கள் போதிய அளவு வெளியாகாததால் மற்றவர்கள் சரிபார்க்கவும் முடியவில்லை. இன்று நம்பிப் பயன்படுத்த வேண்டியது எலிஷா கிம்ரோன் 1992இல் தந்த புதிய வாசிப்பை. ஆனால் இந்த நூல் கிறித்துவுக்கு முற்பட்ட ஒரு யூதப் பிரிவினுடையது என்ற அடிப்படைக் கணிப்பைக் கும்ரானுக்கு நாற்பதாண்டு முன்னதாகவே, இடைக்காலத் தாள்களை மட்டும் வைத்து, ஷெக்டர் சொல்லிவிட்டார்.

மேல்தளத்துப் பெட்டிகள்

1915 நவம்பரில் ஷெக்டர் இறந்தார். 1950களில் வரலாற்றாளர் கோய்டைன் கேம்பிரிட்ஜுக்கு வந்தபோது பிரிக்காத பெட்டிகள் திறக்கப்பட்டு 'புதிய வரிசை' உருவானது. 1974இல் ஸ்டீபன் ரீஃப் தொடங்கிய ஆய்வுப் பிரிவு மிச்சத்தை எடுத்து 'கூடுதல் வரிசை' அமைத்தது. அது மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். துணுக்குகளைச் சுத்தம் செய்து, நேராக்கி, நிறமற்ற பாலியெஸ்டர் தாளுறைகளில் இட்டார்கள். ஒட்டுப்பசை எங்கும் கிடையாது. உறையைத் திறந்தால் துணுக்கு அப்படியே வெளியே வரும்.

ஒதுக்கிய அந்தத் தாள்களிலும் கவனிக்காத கடிதங்களிலும்தான் கோய்டைன் மத்தியதரைக்கடல் யூதர்களின் அன்றாட வாழ்வைக் கண்டார். 1967 முதல் ஐந்து தொகுதிகளாக அது வெளிவந்தது. இந்தியப் பெருங்கடல் வணிகமும் அங்கேதான் கிடைத்தது. துனிசியாவைச் சேர்ந்த ஆபிரகாம் பென் யிஜூ 1132 முதல் ஏறக்குறைய 17 ஆண்டுகள் மலபார்க் கரையில், மங்களூரில் வெண்கலப் பட்டறை நடத்தினார். யேமனின் துறைமுகமான ஏதனிலிருந்து செம்பும் பழைய பாத்திரங்களும் வந்தன, திரும்ப வெண்கலச் சாமான் போயிற்று. இந்தியாவில் காகிதம் அரிது என்பதால் அதையும் ஏதனிலிருந்தே அனுப்பினார்கள். வந்த கடிதங்களின் பின்புறத்திலும் இடுக்கிலும் பென் யிஜூ தம் கணக்கையும் செய்யுளையும் எழுதினார். இறுதியில் அவர் கட்டு எகிப்துக்குத் திரும்பி அந்த அறைக்குள் விழுந்தது. ஷெக்டரின் பெட்டிப் பெயர்களில் மங்களூர் கணக்குச் சீட்டுக்கு இடமே இருக்கவில்லை.

இப்போதைய வேலை சிதறிய ஏடுகளைச் சேர்ப்பது. ஃபிரீட்பர்க் திட்டம் உலகெங்கும் உள்ள துணுக்குகளின் படங்களை ஒன்றுதிரட்டியது. கணினி வரி இடைவெளியையும் எழுத்தின் சாயலையும் ஒப்பிட்டு ஜோடிகளை முன்மொழியும். தீர்ப்பு மனிதக் கண்ணுடையது. வரிகளின் எண்ணிக்கை, ஓரத்தின் அகலம், கோடு கிழித்த முறை, தோலானால் மயிர்ப்புறமும் சதைப்புறமும், பூச்சி அரித்த துளை இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்பது எல்லாம் பார்த்த பிறகு பாடத்தைப் பார்க்க வேண்டும். பாடம் தொடர்கிறது என்பதை மட்டும் வைத்து இணைத்தால் தவறும். பிரபலமான நூலை ஒரே பள்ளியில் பயின்ற இரண்டு எழுத்தர்கள் ஒரே அமைப்பில் எழுதியிருக்கலாம். பென் சீராவின் ஏடுகள் இந்த வழியில் இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. 1931, 1958, 1982 என்று நீண்ட வரிசையில், ஷூலமித் எலிட்சூர் 2000களில் கண்டெடுத்த ஏடு ஏற்கெனவே தெரிந்த ஒரு பிரதியின் பாகம்.